குளக்கரைப் பறவையும் குடிமக்கள் அறிவியலும்

திரிகூட இராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைப் பயில்வோர், வசந்தவல்லியின் பந்தாட்டத்திலும் குறத்தி கூறும் மலைவளத்திலும் உள்ளத்தைப் பறிகொடுப்பர். பிற்பகுதியில் சிங்கன் பறவை பிடிக்க வரும் இடத்தை விரைந்து கடந்துவிடுவதே பலர்க்கும் வழக்கம். பறவைகளின் பெயர்களும் அவை வந்திறங்கும் வயல்களின் பெயர்களும் அடுக்கடுக்காக வருவதால், அது தேர்வுக்கு உதவாத பகுதி என்று மாணவர் கருதுவர் போலும். ஆயினும் குற்றாலச் சாரலின் பறவைகளைத் தொகுத்துச் சொன்ன பழைய ஏட்டைத் தேடுவோர்க்கு அப்பகுதியே கைகொடுக்கும்.

எந்த நாளில், எந்தக் குளத்தில், எத்தனை பறவை என்ற வினாக்களுக்குக் கவிதையில் விடை தேடுதல் முறையன்று. அவ்விடையைத் திரட்டும் பணியை இன்று பொதுமக்களே இணையத்தின் வழியாக, ஊதியம் கருதாது செய்து வருகின்றனர். குடிமக்கள் அறிவியல் என்பது இதுவே.

இதன் வேர் இணையத்திற்கு முற்பட்டது. அமெரிக்காவில் கிறித்துமசு நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டி வழக்கில் இருந்தது. சுடுவதை விடுத்து எண்ணுவோம் என்று 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார் அழைத்தார். அக்கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் இணைந்து ‘ஈபேர்டு’ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கவே, பொதுமக்கள் தாம் கண்ட பறவையைப் பதியும் வழி பிறந்தது. வானியலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2007இல் தொடங்கிய ‘கேலக்சி சூ’ திட்டத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தினர். அவ்வாறு பார்த்துவந்த ஆனி வான் ஆர்க்கெல் என்னும் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, அதுவரை எவரும் குறித்திராத ஒரு விந்தையான ஒளிப்பொருளைக் கண்டறிந்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் பகுதிக்கு வருவோம். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. இவ்விரு ஆறுகளின் நீர் பாயும் குளங்கள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் நிறைந்துள்ளன. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. வடகிழக்குப் பருவமழையால் குளங்கள் நீர் கொண்டிருக்கும் சனவரித் திங்களே அதற்குரிய காலம். மாணவர், ஆசிரியர், அலுவலர் எனப் பல திறத்தாரும் அதில் பங்கு கொள்கின்றனர். 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்போ இன்னும் எளிது. பொங்கலையொட்டிய நான்கு நாள்களில் வீட்டு முற்றத்தில் நின்றும் எண்ணலாம். குறைந்தது 15 நிமிடம் போதும்.

எண்ணும் முறை அறியத்தக்கது. நாள், இடம், தொடங்கிய நேரம், செலவிட்ட நிமிடங்கள், நடந்த தொலைவு ஆகியவற்றை முதலில் குறிக்க வேண்டும். பின்னர், அடையாளம் தெரிந்த ஒவ்வொரு பறவையின் பெயரும் எண்ணிக்கையும். நாமக்கோழிகள் குளத்தை மூடியதுபோல் மிதக்குங்கால் ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. பத்துப் பறவை அடங்கும் பரப்பைக் கண்ணால் அளந்து, அத்தகைய பரப்புகள் எத்தனை என்று மதிப்பிடுவர். இறுதியில் ஒரு கேள்வி வரும்: கண்டு தெரிந்த பறவைகள் அனைத்தையும் எழுதினீரா? இக்கேள்வியே அனைத்திற்கும் உயிர்நாடி. அழகிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால், அப்பட்டியலில் ஒரு பறவை இல்லாமைக்குப் பொருள் இராது. அனைத்தும் எழுதப்பட்டிருந்தாலோ, சிட்டுக்குருவி பட்டியலில் இல்லை என்பதும் ஒரு செய்தியாகிவிடும். ஆகவே ‘இங்கு ஒன்றுமில்லை, வெறும் கொக்குதான்’ என்று திரும்பிவிடுவோர் அறிவியலுக்கு உரிய ஒரு சான்றை அங்கேயே விட்டுச் செல்கின்றனர்.

பொதுமக்கள் எழுதுவதை எவ்வாறு நம்புவது என்று மூத்தோர் வினவலாம். நேரிய வினாவே. அவ்வட்டாரத்தில் எதிர்பாராத பறவையோ மிகைப்பட்ட எண்ணிக்கையோ வரின், அதனை ஈபேர்டு தனியே பிரித்து வைக்கும். அவ்வட்டாரத்தை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் படமோ வருணனையோ கேட்டுச் சரிபார்ப்பார். வேட்டைக்கு இலக்காகக்கூடிய சில அரிய பறவைகளைக் கண்ட இடமும் பொதுப்பார்வைக்கு மறைக்கப்படும்.

இவ்வாறு சேர்ந்த குறிப்புகளைக் கொண்டே ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை 2020இலும் 2023இலும் வெளிவந்தது. பின்னதற்கு 30,000க்கு மேற்பட்டோர் அளித்த சுமார் 3 கோடிக் குறிப்புகள் அடிப்படையாயின. 942 பறவை இனங்கள் ஆராயப்பட்டன. 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று கண்டனர். சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது என்பது மேடைதோறும் ஒலித்த செய்தி. பெருநகரங்களில் அது குறைந்துள்ளது என்பதும், நாடு முழுவதையும் நோக்கின் பெரிதும் நிலையாகவே உள்ளது என்பதும் 2020ஆம் ஆண்டு அறிக்கையின் முடிவு.

இதில் ஒரு குறை உண்டு. எண்ணுவோர் கூந்தன்குளம் போன்ற புகழ்பெற்ற இடங்களையே நாடிச் செல்கின்றனர். வரித்தலை வாத்து வருமிடத்தில் கூட்டம் கூடுதல் இயல்புதானே. சிற்றூர்க் குளங்களோ ஏட்டில் ஏறாமலே கிடக்கின்றன. நாளை ஒரு குளம் தூர்ந்தோ, ஆக்கிரமிப்பால் சுருங்கியோ போனால், முன்பு இங்கு நத்தைக்குத்தி நாரை இத்தனை மேய்ந்தது, அரிவாள் மூக்கன் இத்தனை தங்கியது என்று எடுத்துக்காட்ட ஒரு வரியும் இராது. ஊர்ப் பெரியோரின் நினைவு உண்மையே எனினும், நாளும் எண்ணும் இல்லாத நினைவு அலுவலகக் கோப்பில் நில்லாது.

தமிழ்த்துறையார்க்கும் இதில் இடம் உண்டு. செயலியில் பறவைக்கு ஒரு பொதுப்பெயர் இருக்கும். குளத்து மீனவரும் உழவரும் அதனை வேறு பெயரால் அழைப்பர். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு பறவையைக் குறித்தலும் உண்டு. குறவஞ்சியில் வரும் பறவைப் பெயர்களுள் எவை இன்றும் தென்காசி வட்டாரத்தார் வாயில் வழங்குகின்றன, அவை எப்பறவைகளைச் சுட்டுகின்றன என்பதனை விலங்கியல் துறையினர் மட்டும் ஆராய்ந்துவிட முடியாது. ஒரு மாணவர் எண்ண, மற்றொருவர் கரையில் நிற்கும் முதியவரிடம் பெயரைக் கேட்டு எழுத, இருவர் குறிப்பும் ஒரே பக்கத்தில் அமையலாம். தை பிறக்குமுன் ஊர்க்குளம் ஒன்றைத் தெரிவு செய்து, விடியற்காலையில் வெயிலை முதுகுக்குப் பின்னே கொண்டு நிற்பதற்கேற்ற கரை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுதல் நன்று.