கதேயும் தலை மாறிய தாயும்

இந்தியக் கோயில்களின் பல கை, பல தலைச் சிலைகளைக் கவிதையிலேயே பழித்தவர் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே. ஸ்ரீரங்கம் கோயிலின் சிற்பங்களைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் முதுமையில் அவர் மனித இயல்பை எடைபோட எடுத்துக்கொண்டது, மாரியம்மன் வழிபாட்டோடு பின்னிய ரேணுகை கதையை. பிரெஞ்சுப் பயணி சொன்னெராவின் 1782-ஆம் ஆண்டு நூல் வழியே ஐரோப்பா அறிந்த கதை அது. வெட்டுண்ட தாயின் தலையை மகன் அவசரத்தில் தாழ்ந்தவளாகக் கருதப்பட்ட வேறொருத்தியின் உடலில் பொருத்திவிடுகிறான். 1824-இல் வெளியான ‘பரியா’ முக்கவிதையில் அவள், மேலும் கீழும் ஓருடலில் மோதித் தவிக்கும் தெய்வம்.

இந்தியாவையே பார்க்காதவருக்கு இது எப்படிப் புரிந்திருக்கும் என்று கேட்கலாம். நம் சடங்குகள் அவருக்குத் தெரியாதுதான். ஆயினும் உயர்வையும் தாழ்வையும் பிரித்து வைக்க முடியாது என்ற கருவைச் சரியாகவே பிடித்தார். திருச்சியில் உயர்வும் தாழ்வும் கைகோக்கும் அந்த உறவு இன்றும் நடப்பில் இருக்கிறது: ஆண்டுதோறும் தைப்பூசத்தில், தங்கை சமயபுரம் மாரியம்மனுக்குக் கொள்ளிடக் கரையில் ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் சீர் வந்து சேர்கிறது.