நாலாம் தேதி போனேன்!

பி.காம். முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அக்கவுண்ட்ஸ் கிளார்க் வேலை. தேறிவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி கிருஷ்ணகிரி வீட்டுக்கு ஆர்டர் வந்தது. அதில் ஒரு வரி: 'ரிப்போர்ட் ஃபார் டியூட்டி ஃபோர்த்வித்.'

'ஃபோர்த்' என்றால் நாலாம் தேதி. 'வித்' என்றால் சர்ட்டிபிகேட்டுகளோடு. நானே முடிவு கட்டினேன். எழுத்துக்கூட்டினால் ஒரு 'யு' குறைந்தது. பாவம், டைப்பிஸ்ட் விட்டுவிட்டார் என்று மன்னித்தேன்!

நாலாம் தேதி விபூதி பூசிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன்.

"தம்பி, லெட்டர் எப்ப கிடைச்சுது?" என்றார் மானேஜர்.

"இருபத்திரண்டாம் தேதி சார்."

"அப்புறம் ஏன் இன்னிக்கு வர்றீங்க?"

"நீங்கதானே சார் நாலாம் தேதின்னு..."

அவர் சிரிக்கவில்லை. என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து லெட்ஜர் புரட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஓசூர் எல்லை ஊர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். தமிழில் 'உடனே', தெலுங்கில் 'வெண்டனே', கன்னடத்தில் 'தக்ஷண' என மூன்றும் இங்கே புழங்கும். நாலாவது பாஷையில்தான் கோட்டை விட்டேன். 'ஃபோர்த்வித்' என்றாலும் அதே 'உடனே'தான்!

வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் இதற்குக் 'கூடவே' என்றுதான் பொருளாம். கூடவே நடப்பது தாமதமில்லாமல் நடப்பதாயிற்று. நம் 'உடன்', 'உடனே' ஆன அதே கதை! தமிழிலேயே யோசித்திருந்தால் வேலை தப்பியிருக்கும்.

சரி, 'உடனே' என்றால் எவ்வளவு சீக்கிரம்? இது சுப்ரீம் கோர்ட் வரை போன கேள்வி. 1956-ல் பம்பாயில் சிலரைத் தடுப்புக் காவலில் வைத்த போலீஸ் கமிஷனர், அதை மாநில அரசுக்கு 'ஃபோர்த்வித்' தெரிவிக்கவேண்டும். எட்டு நாள் ஆனது. நியாயமான வேகத்தில், தவிர்க்கக்கூடிய தாமதமில்லாமல் செய்தால் போதும் என்றது கோர்ட். ஊரெல்லாம் கலவரம் நடந்த நேரம் என்பதால் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொண்டது. சென்னை ஐகோர்ட்டிலிருந்து மேல்முறையீடாகப் போன, பேங்க் அக்கவுண்ட் முடக்கிய வழக்கொன்றிலும் 2024-ல் ஏறக்குறைய இதே விளக்கம்தான்.

என் விஷயத்தில் கலவரமும் இல்லை, வெள்ளமும் இல்லை. பன்னிரண்டு நாள் வீட்டில் தூங்கினேன்.

ஆகவே நண்பர்களே, ஆபீஸ் மெமோவில் இந்த வார்த்தையைப் பார்த்தால் அன்றைக்கே பதில் போடுங்கள். முடியாவிட்டால் காரணத்தை எழுதிக் கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். வார்த்தை புரியாவிட்டால் பக்கத்து சீட்காரரைக் கேளுங்கள். வெட்கம் அஞ்சு நிமிஷம்தான்; போன வேலை திரும்பாது.

இந்தக் கட்டுரையை ஆசிரியர் 'உடனே' கேட்டார். நாலாம் தேதிக்குக் காத்திருக்காமல் அனுப்பிவிட்டேன்!