அடைமுட்டையும் விளக்குச் சோதனையும்

தறியோடு சில கோழிகளையும் வளர்ப்பது நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் நெடுங்கால வழக்கம். கூலி குறைந்த மாதங்களில் முட்டையும் குஞ்சும் விற்ற பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவுகிறது. ஆகவே, இருபது முட்டைகளைக் குறித்து இரண்டு அங்கத்தினர்களிடையே எழுந்த வழக்கைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றிற்குத் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தோம். நெசவாளர் சங்கத்து அங்கத்தினரான அம்மையார் ஒருவர், அவ்வூர்க் கடன் சங்கத்து அங்கத்தினரான குடியானவப் பெரியவரிடம் 20 நாட்டுக்கோழி முட்டைகளை வாங்கி, மின்விளக்குப் பெட்டியில் அடைவைத்திருந்தார். இரண்டு குஞ்சுகளே பொரித்தன. “அண்ணன் கொடுத்தவை கூமுட்டைகள், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஐயா” என்பது அம்மையாரின் முறையீடு. “முட்டையில் குறையில்லை, அம்மணிக்குப் பெட்டியைக் கவனிக்கத் தெரியவில்லை” என்பது பெரியவரின் மறுமொழி. பொரிக்காத முட்டைகள் முன்னமே எருக்குழிக்குப் போய்விட்டபடியால் சாட்சியம் ஒன்றும் இல்லை. முன்போலவே மீண்டும் 20 முட்டைகளை அடைவைத்து, ஏழாம் நாள் இருவர் முன்னிலையிலும் விளக்கொளியில் சோதிப்பது என்று தீர்மானித்தோம். இச்சோதனையை அறிந்திருந்தால் இத்தகைய மனத்தாங்கல்கள் பல நேரா. ஆதலின் அதனை இங்கு முறையாக எழுதுகிறோம்.

முட்டைத் தேர்வு

சேவலோடு சேர்ந்த பேடுகளின் முட்டைகளே கருக்கொள்ளும். 8 முதல் 10 பேடுகளுக்கு ஒரு சேவல் வேண்டும். இட்டு ஏழு நாளுக்கு மேற்படாத முட்டைகளையே அடைவைத்தல் நன்று. அதுவரை அவற்றை அகன்ற முனை மேலாக இருக்குமாறு குளிர்ந்த நிழலிடத்தில் வைக்க வேண்டும். ஓட்டின் மேலுள்ள இயற்கையான பூச்சு கிருமிகளைத் தடுப்பதால் முட்டையைக் கழுவலாகாது. இட்ட தேதியைப் பென்சிலால் ஓட்டிலேயே குறித்துவிட்டால் பின்னர் ஐயத்திற்கு இடமிராது.

உஷ்ணமும் ஈரமும்

குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும். அடைக்கோழி 10 அல்லது 12 முட்டைகளை எவருடைய உதவியுமின்றிக் காத்துவிடும். பெட்டியிலோ, கோழி செய்யும் வேலையனைத்தையும் நாமே செய்ய வேண்டும். விசிறி உள்ள பெட்டியில் உஷ்ணம் 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் வரை இருத்தல் வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல் மட்டத்தில் 101 முதல் 102 டிகிரி வரை இருத்தல் வேண்டும். உஷ்ணமானி எந்த இடத்தில் இருக்கிறது என்பது மிக முக்கியம். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றி அடைக்குப் போதிய உஷ்ணம் தராது. பழைய இழை விளக்கே இதற்கு ஏற்றது.

வறண்ட காற்றில் பாவு இழை அறுவதை நெசவாளர் அறிவர். முட்டைக்கும் அவ்வாறே ஈரம் வேண்டும். அகன்ற கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முதல் 18 நாட்கள் காற்றின் ஈரத்தை 50 முதல் 55 சதவீதமாகவும், அதன்பின் 65 முதல் 70 சதவீதமாகவும் காக்க வேண்டும்.

கரு உள்தோலில் ஒட்டிக்கொள்ளாதிருக்க முட்டையை நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படையாகத் திருப்பினால் இரவில் ஒரே பக்கம் மேலாக நிற்பது தவிரும். ஒரு புறம் வட்டமும் மறுபுறம் பெருக்கல் குறியும் இட்டுக்கொள்வது எளிய உபாயம். 18-ஆம் நாளுக்குப் பின் திருப்பலாகாது. பெட்டியையும் அடிக்கடித் திறக்கலாகாது.

விளக்குச் சோதனை

அட்டைப்பெட்டி ஒன்றில் முட்டையைவிடச் சிறிதான துளையிட்டு, உள்ளே கைவிளக்கை வைக்க வேண்டும். கைப்பேசி விளக்கும் போதும். அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற முனையைத் துளையின்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஏழாம் நாளில் மூன்று வகைகள் தென்படும். நடுவே கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்போற் பரவிய செந்நரம்புகளும் காணப்பட்டால் கரு உயிரோடு வளர்கிறது. முட்டை முழுவதும் தெளிவாக ஒளிவிட்டால் பெரும்பாலும் கருக்கொள்ளாதது. நரம்புகளின்றிச் செவ்வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகி இறந்துவிட்டது. பின்னிரண்டு வகைகளையும் அகற்றிவிட வேண்டும். ஏழு நாள் சூட்டிலிருந்த முட்டையை எவருக்கும் விற்பது தகாது. 14-ஆம் நாள் மறுமுறை பார்க்கையில், அகன்ற முனையிலுள்ள காற்றறை நீங்கலாகப் பெரும்பகுதி கருமையாயிருக்கும். 18-ஆம் நாளில் அக்காற்றறை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகப் பெருகியிருக்கும்.

வழக்கின் முடிவு

ஏழாம் நாள் மாலை அம்மையாரின் வீட்டுத் தறிக்கூடத்தை இருட்டாக்கிச் சோதித்தோம். 11 முட்டைகளில் கரு துடித்தது. 4 முட்டைகள் தெளிவாயிருந்தன. 5 முட்டைகளில் செவ்வளையம் தெரிந்தது. தெளிவாயிருந்தவற்றை உடைத்துப் பார்த்தபோது மஞ்சட்கருவின்மேல் சிறு வெண்புள்ளி அன்றி வேறொன்றும் இல்லை. பெரியவரிடம் 16 பேடுகளுக்கு ஒரே சேவல் இருப்பதும் அப்போது வெளிப்பட்டது. அந்த நான்கும் தம் பொறுப்பே என்று அவர் ஒப்புக்கொண்டார்.

செவ்வளைய முட்டைகளின் தேதிக் குறிப்புகள் அவை ஐந்து நாளுக்குட்பட்டவை என்று காட்டின. ஆகவே பெட்டியை ஆராய்ந்தோம். உஷ்ணமானி விளக்கை ஒட்டி, உயரத்தில் தொங்கியது. அங்கே 101 டிகிரி. முட்டை மட்டத்தில் இறக்கி வைத்துப் பார்த்தால் 97 டிகிரியே. அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்து, “அண்ணனை வீணாகக் குறை சொல்லிவிட்டேன்” என்றார். பெரியவரோ, “என்மேலும் பாதி குறை இருக்கிறதே, அம்மணி” என்றார்.

உஷ்ணமானியை இறக்கி, விளக்கைச் சரிசெய்தபின், எஞ்சிய 11 முட்டைகளில் 9 பொரித்தன. முதல் வாரத்தின் குறைந்த சூட்டினால் ஒரு நாள் தாமதித்து, 22-ஆம் நாளில் அவை வெளிவந்தன. ஓட்டில் முதற்கீறல் கண்டபின் குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். பொறுமையிழந்து ஓட்டை உரிப்பது கேடு. பெரியவர் 4 முட்டைகளை ஈடாகக் கொடுத்ததோடு, மற்றொரு சேவலும் வாங்கினார்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி உஷ்ணம் வேண்டும். வாரந்தோறும் 5 டிகிரி குறைத்துவரலாம். ஏழாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தினைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடுவதற்குக் கால்நடை மருந்தகத்தை அணுகவேண்டும்.

ஓர் உஷ்ணமானியும் துளையிட்ட ஓர் அட்டைப்பெட்டியும் அதிக விலையுள்ள பொருள்களல்ல. சங்கந்தோறும் அவற்றை வாங்கிவைத்து அங்கத்தினர்க்கு முறைப்படி இரவல் கொடுத்து உதவுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.