கண்ணாடித் தரை வேண்டாம்!

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோர வீடுகளுக்குக் குறைவில்லை. வாசல் தாண்டினால் மணல். அல்லது அலையைத் தடுக்கப் போட்ட பாறாங்கல். ஈரக் காலும் மீன்கூடைத் தண்ணீரும் நேரே உள்ளே வரும். அந்த வாசலில் கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் பதித்தால் என்ன ஆகும்? பாட்டியின் இடுப்பு எலும்பு முறியும்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. வழுவழுப்பான தரையில் எண்ணெய் படிந்தால் கால் ஊன்ற முடியுமா?

வாசலுக்கு ஏற்றது பாலிஷ் போடாத கடப்பைக் கல். ஆந்திரத்திலிருந்து வரும் கறுப்புக் கல் இது. சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், கால் பிடிக்கும். வெயிலில் சுடும் என்பது உண்மைதான். மேலே கூரை நிழல் இருந்தால் கவலை இல்லை. புளி, எலுமிச்சை, ஆசிட் மட்டும் படக்கூடாது, கல் வெளுத்துவிடும். டைல்ஸ்தான் வேண்டுமா? கடையிலேயே ஒன்றில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை வைத்துப் பாருங்கள். இதில் வெட்கம் என்ன?

தரை வெளிப்பக்கம் சரிய வேண்டும். கொத்தனார் இதை ‘வாட்டம்’ என்பார். 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் இருந்தால் மழைநீர் வெளியே ஓடிவிடும்.

கடற்கரை மணலைச் சிமெண்டில் கலக்கவே கூடாது. காசில்லாமல் கிடைக்கிறதே என்று தோன்றும். அதிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலே வந்து வெள்ளையாய்ப் பூக்கும். பூச்சும் பொரிந்து போகும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் வாங்கிக்கொள்ளலாம்.