வந்தியத்தேவனுக்கு அப்புறம் என்ன ஆச்சு? தஞ்சாவூர்க் கல்லில் இருக்கிறது பதில்!

2022 செப்டம்பர் 30-ல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியானது. புயலில் கப்பல் மூழ்க, அருள்மொழிவர்மனும் வந்தியத்தேவனும் கடலுக்குள் போக, படம் முடிந்துவிட்டது. நாவல் படிக்காதவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். 'வந்தியத்தேவன் பிழைச்சானா இல்லையா?' இரண்டாம் பாகம் வந்தது 2023 ஏப்ரல் 28-ல். இடையில் ஏழு மாதம். அதுவரை மீம், யூகம், சண்டை, 'ஸ்பாய்லர் சொல்லாதீங்க' என்ற கெஞ்சல் எல்லாம் நடந்தது. வீட்டில் பெரியவர்கள் மட்டும் எதுவும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் உண்டு. இதே பதற்றத்தை அவர்களோ அவர்களைப் பெற்றவர்களோ ஏற்கெனவே பட்டு முடித்தவர்கள். அதுவும் ஏழு மாதம் அல்ல, மூன்றரை வருடம்!

1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கிய தொடர், 1954 மே மாதத்தில்தான் முடிந்தது. வாரத்துக்குச் சில பக்கங்கள், மணியம் வரைந்த படங்கள், ஆபத்தான ஓர் இடத்தில் 'தொடரும்'. அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவன் நடுக்கடலில் எரியும் கப்பலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆசிரியர் கல்கி காவிரிக் கரைக்காரர். மயிலாடுதுறைப் பக்கம் புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்தவர். அதனால்தான் ஆற்றையும் வாய்க்காலையும் அவர் எழுதும்போது சேறு வாசம் அடிக்கிறது.

ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் இளைஞனாக வந்தியத்தேவன் அறிமுகமாகிறான். (இன்று சென்னைவாசிகள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அதே ஏரியிலிருந்துதான் போகிறது.) வீரன்தான், ஆனால் வாய்த்துடுக்கும் அவசரமும் அதிகம். போகிற இடமெல்லாம் ஏதாவது சிக்கலை இழுத்துக்கொள்வான். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப்போனதே அதனால்தான். பயமும் அதனால்தான். இந்தப் பையன் எங்கேயாவது மாட்டிக்கொண்டு செத்துவிடுவானோ?

மாட்டிக்கொண்டதும் சாதாரண இடத்தில் அல்ல. கடம்பூர் மாளிகையில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் இறந்துகிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. தஞ்சைக் கோட்டைப் பாதாளச் சிறையில் தள்ளுகிறார்கள். தூக்கமா வரும் வாசகருக்கு?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விகளுக்கான பதில் பல நூற்றாண்டுகளாக டெல்டாவிலேயே கல்லில் இருந்தது.

முதல் கல் காட்டுமன்னார்கோவிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. கதை தொடங்கும் வீராணத்துக்கும் கொலை நடக்கும் கடம்பூருக்கும் பக்கத்திலேயே! ராஜராஜனின் 2-ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. அதாவது ஏறக்குறைய கி.பி. 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலங்களைப் பறித்தது பற்றிப் பேசுகிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்கு 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் வேறு. 'பிரமாதிராஜன்' என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசு தந்த பட்டம். 'பஞ்சவன்' என்றால் பாண்டியன். கரிகாலனோ வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்று பெயர் எடுத்தவன். கல்கி இந்த ரவிதாசனை எடுத்துத்தான் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளின் தலைவனாக்கி, நந்தினியோடு சேர்த்து ஒரு பெரிய சதியையே பின்னினார்.

கொலை நடந்து பதினைந்து வருடங்களுக்கும் மேலான பிறகு ஏன் இந்த நடவடிக்கை? இடையில் ஆண்ட உத்தம சோழனுக்கும் கொலையில் பங்கு உண்டு என்று வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரி கருதினார். அதை மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பட்டியலில் வந்தியத்தேவன் இல்லை!

இரண்டாவது கல் தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் அக்கா குந்தவை கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகள், பொன், நகைகள் ஆகியவற்றின் விவரம் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. பெற்ற அப்பா அம்மாவுக்கும் படிமங்கள் செய்து வைத்திருக்கிறார். அந்தக் குந்தவை யார்? ராஜராஜனின் அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று கல் சொல்கிறது.

கல்யாணம் ஆகிவிட்டது!

இந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புத்தகமாகப் பதிப்பித்துவிட்டார். கல்கி தொடரை ஆரம்பிப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கிளைமாக்ஸ் அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இதைவிடப் பழைய ஸ்பாய்லர் இருக்குமா தெரியாது. தேடிப் பார்த்திருந்தால் 1952-லேயே ஒரு வாசகர் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

ஆனால் கல்கி அந்தக் கல்யாணத்தைக் காட்டவே இல்லை. கடைசி அத்தியாயத்தின் தலைப்பு 'மலர் உதிர்ந்தது'. வந்தியத்தேவன்மேல் உயிரையே வைத்திருந்த மணிமேகலையின் மரணத்தோடு கதை நின்றுவிடுகிறது. வாசகர்கள் விடவில்லை. 'அப்புறம்? அவங்க என்ன ஆனாங்க? இவங்க என்ன ஆனாங்க?' என்று கேள்வி மேல் கேள்வி. கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. புத்தகப் பதிப்புகளின் கடைசியில் அது இருக்கும். நாவலை முடித்த வேகத்தில் பலர் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். பாவம், கேட்ட கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு மேல் கேட்க நேரம் கிடைக்கவில்லை. அதே 1954 டிசம்பர் 5-ல் கல்கி காலமானார். அவர் பாதியில் விட்ட 'அமரதாரா' தொடரை அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்துவைத்தார். தொடர்கதை வாசகருக்கு உள்ளூர இருக்கும் பெரிய பயமே இதுதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்களைக் கேளுங்கள். ஜான் ஸ்னோவைக் கத்தியால் குத்திக் கிடத்திய புத்தகம் 2011-ல் வந்தது. டிவி தொடரில் அவன் பிழைத்து எழுந்து, அந்தத் தொடரே முடிந்தும் போனது. புத்தகத்தில் மட்டும் குத்துப்பட்டவன் குத்துப்பட்டபடியே கிடக்கிறான்.

வந்தியத்தேவனுக்கு அந்தக் கதி வரவில்லை. கல்கிக்குப் பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதி அவனை மறுபடி குதிரை ஏற்றினார். நந்திபுரம் வேறெதுவும் இல்லை, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழையாறைதான். நாயகி யார் என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் இருந்தும் ரசிகர்கள் இன்னும் யூகித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கல் சொல்வது அவ்வளவு கொஞ்சம்! குந்தவையின் கணவர் என்கிறது. சண்டை போட்டார்களா, சேர்ந்து சிரித்தார்களா, அந்த வாய்த்துடுக்கு கடைசிவரை இருந்ததா, எதுவும் இல்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். கரிகாலன் இறந்தது ஏறத்தாழ கி.பி. 969-ல். அப்போது வந்தியத்தேவனுக்கு இருபது வயது என்று வைத்தால், 1010-ல் பெரிய கோயில் குடமுழுக்கு நடந்தபோது அறுபதைத் தாண்டியிருக்கும்.

நரைத்த தலை, மச்சான் கட்டிய கோயில், பக்கத்தில் மனைவி. குந்தவை கொடுத்த நகைகளின் கணக்கைச் சிற்பி கல்லில் கொத்திக்கொண்டிருக்க, "என் பேரைச் சரியா எழுதுப்பா" என்று அவர் குனிந்து பார்த்திருப்பாரோ?