தீவகத்து மல்லிகை

கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் கதியாலாக நட்டு, மாரி கழியுமுன் வேலியாகத் தளிர்க்கச் செய்யும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கைவரப்பெற்ற யாழ்ப்பாணத்துத் தீவகத்து மக்களுள் சிலர், முற்றத்து மல்லிகையை மாத்திரம் கடையில் விலைகொடுத்து வாங்கவேண்டிய வஸ்துவாகக் கருதுவது எனக்கு விநோதமாகவே படுகிறது. ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணி அம்மன் மகோற்சவத்துக்குச் செல்லும் அடியார் பலர், பூவையும் கையோடு கொண்டே குறிகட்டுவானில் படகேறுகின்றனர்; அப்பூ நயினையிலும் வேலணையிலும் வீட்டுக்கு வீடு மலர்வதற்குத் தடை யாது?

மல்லிகை பூத்துச் சொரியுமே அன்றி, காய்த்து விதை தருவது மிக அரிது. 1934 இல் அதனைத் தேசிய மலராக ஏற்ற பிலிப்பைன்ஸ் தேசத்துச் செடிகளும் சரி, நம் வளவுச் செடிகளும் சரி, மனிதர் கையாலேயே விருத்தியடைந்தவை. 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்குக் கன்று கொடுப்பது, பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமேசுவரத் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மணற்பாங்கான தோட்டங்களே என்பதை அறிந்தோர், கடல்சூழ்ந்த நிலம் மல்லிகைக்கு ஆகாது என்று சொல்லத் துணியார்.

தண்ணீரே நமது முதற் சங்கடம். சுண்ணாம்புக் கல்லினூடே, உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கும் நன்னீரைத்தான் தீவகத்துக் கிணறுகள் தருகின்றன. கோடையில் இறைப்பு மிகுந்தால் அடியிலுள்ள உவர் மேலெழுந்துவிடும். அத்தண்ணீரை ஊற்றினால், வேர் விடாத கொப்பு கருகாமல் என்ன செய்யும்? ஆகையால் மழைநீர் தாராளமாகக் கிடைக்கும் ஐப்பசியே கொப்பிலிருந்து கன்றெடுக்கும் காரியத்துக்கு உகந்த காலம்.

கொப்பு நடுவதாயின், தளிருமாகாமல் முற்றிய தடியுமாகாமல் நடுத்தரமாக முதிர்ந்ததைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கீழிலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மறையும்படி மணலும் மக்கிய எருவும் கலந்த சாடியில் ஊன்றி நிழலில் வைத்தால் போதும். ஆயினும் தீவகத்துக்கு நான் சிபாரிசு செய்வது பதி வைத்தலையே. வெட்டிய கொப்பு, வேர் விடும்வரை தன்னிடத்துள்ள ஈரத்தை நம்பியே உயிர்தரிக்க வேண்டியிருக்க, பதி வைத்த கொப்போ தாய்ச்செடியின் போஷணையை இழவாமலே வேர்விடுகிறது. இரண்டொரு நாள் நாம் அசட்டையாக இருந்தாலும் அது மடிவதில்லை.

தரையை அண்டி வளர்ந்த நீண்ட கொப்பொன்றைத் தெரிந்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே பட்டையைச் சீவி, அப்பாகத்தை நாலைந்து அங்குல ஆழத்தில் எருக் கலந்த மண்ணுள் வளைத்துப் புதைத்து, அது நிமிர்ந்துவிடாதபடி மேலே கல்லொன்றை ஏற்றி, நுனியை மாத்திரம் வெளியே நிமிர்த்திக் குச்சியில் கட்டிவிட வேண்டும். இலைகளில் உண்டாகிப் பட்டை வழியே கீழிறங்கும் சத்தும், வேரைத் தூண்டும் இரசமும், சீவிய இடத்தைக் கடக்கமாட்டாமல் அதன் மேல்விளிம்பிலே தேங்குவதால் அங்கே வேர் பிறக்கிறது. மூன்று நான்கு மாதங்களில், அதாவது தைக் கடைசியிலோ மாசியிலோ, தாய்ப்பக்கத் தொடர்பை முதலிற் பாதியாகவும், ஒரு கிழமை கழித்து முழுமையாகவும் அறுத்து, வேரைச் சூழ்ந்த மண் உதிராமல் கன்றைப் பெயர்த்தெடுக்கலாம்.

கன்றை நடும் இடத்தில் வெயில் விழவேண்டும், சோளகக் காற்று தாக்கலாகாது. பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய நெடுந்தீவு வேலிகளின் உட்புறம் இதற்கு வெகு அனுகூலமானது. கிணற்றடியில் நடுவது பழைய வழக்கமாயினும், சவர்க்கார நீர் ஓடும் வாய்க்காலை விட்டு விலக்கி நடுவதே நன்று. இளம் இலைகள் மஞ்சளித்து நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்துக் கரையாது நிற்கிறது என்று பொருள்; இந்நோய்க்கு யூரியாவை அள்ளிப் போடுவதால் பயனில்லை. ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளின்மேல் தெளித்து, அடிமண்ணில் மக்கிய சாணஎருவைத் தவறாமல் இட்டுவர, அடுத்துவரும் தளிர்கள் பச்சையாகவே விரியும்.