வாயுவில் பழுத்தால் விஷமா?

பாலக்காடு மாவட்டத்தில் நேந்திரன் வாழை விளைகிறது. முதலமடைப் பக்கம் மாந்தோப்புகள். முதலமடை மாங்காய் நாட்டின் பிற பகுதிகளை முந்திச் சந்தைக்கு வருவதால் நல்ல விலை கிடைக்கிறது. அந்த அவசரம்தான் முற்றாத காயைப் பறிக்கவும் அதைப் பழுக்கவைக்கக் கார்பைடு கல்லைத் தேடவும் தூண்டுகிறது. ஈரம் பட்டதும் கல்லிலிருந்து அசிட்டிலின் கிளம்பும்; கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் வரலாம். அதனால்தான் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் தடை மட்டும் போதாது, மாற்று வழி தோப்பருகிலேயே இருக்க வேண்டும்.

அந்த மாற்று, எத்திலீன் வாயுவில் காயைப் பழுக்கவைக்கும் அறை. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை எத்திலீன் வாயுவை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதித்தது. இதுவும் ரசாயனம்தானே என்பார்கள். பழுக்கும்போது மாம்பழமும் வாழைப்பழமும் தாமாகவே சுரப்பது இதைத்தான். வைக்கோலில் மூடிவைத்த நம் முன்னோர் சேர்த்துப் பிடித்ததும் இந்த வாயுவைத்தான். அறையில் பழுத்ததில் ருசி இல்லை என்ற குறை நியாயமானது, ஆனால் காரணம் வாயு அல்ல: முற்றாத காயில் இனிப்பாக மாறப் போதிய மாவுச்சத்து இருக்காது. எந்த அறையாலும் அதை ஈடுகட்ட முடியாது.